செட்டுக்கு நல்ல இடம்

வீட்டில் கம்ப்யூட்டரை எங்கே வைக்கலாம் என்று கேட்டு யாராவது வந்தால், வெயில், தூசி, ஈரம், பிளக் பாயிண்ட் என்று நான் உடனே ஆரம்பிப்பதில்லை. அதற்குக் காரணம் பெரியதாழை என்ற கடற்கரை ஊரில் ஒரு வீடு.

எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடியில் ஒரு கடையில் ரேடியோ மெக்கானிக்காக இருந்தேன். சொந்த ஊர் நாசரேத். தனியாகப் போய் நான் மாட்டிய முதல் வால்வ் ரேடியோ செட் பெரியதாழை சூசையம்மாள் அக்கா வீட்டில். அவர் கணவர் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். புயல் எச்சரிக்கை கேட்கத்தான் ரேடியோவே வாங்கினார்கள்.

அக்கா கடலைப் பார்த்த சன்னலைக் காட்டினார். "இங்கன வையுங்க தம்பி. அடுப்பாங்கரையில நின்னாலும் கேக்கும்லா."

"உப்புக்காத்து பட்டா ஆறு மாசத்துல உள்ள பூரா களிம்பு பிடிச்சிரும்க்கா. செட்டு போயிரும்" என்றேன். தொழில் தெரிந்த திமிர்.

உள்ளறையில், மாதா சிலை, அவர்கள் வழக்கில் சுரூபம், இருந்த மாடத்துக்குப் பக்கத்தில், ஈரம் ஏறாத சுவர் இருந்தது. அங்கே பலகை அடித்து வைத்தேன். ஏரியல், எர்த் எல்லாம் சுத்தம். அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "எல்லாம் எனக்குத் தெரியும்க்கா" என்று அடக்கிவிட்டேன்.

அவர் சொல்ல வந்தது இதுதான்: தினமும் மாலை ஏழு மணிக்கு அந்த அறையில்தான் குடும்பமே முழங்காலிட்டுச் செபமாலை சொல்லும். மீனவர்களுக்கான வானிலை வாசிப்பதும் அதே நேரம். செபத்தில் ரேடியோவைப் பேசவிடுவார்களா? சன்னலருகே இருந்திருந்தால் ஒருவராவது எழுந்துபோய் மெதுவாக வைத்துக் கேட்டிருப்பார். நாங்கள் புராட்டஸ்டண்ட்; எங்கள் சபையில் சுரூபமும் இல்லை, செபமாலையும் இல்லை. எனக்கு அது தோன்றவே இல்லை. செட்டை மாற்றித் தரச் சொல்லி அக்கா ஒருமுறை ஆள் அனுப்பினார். அடுத்த வாரம் வருகிறேன் என்றேன். போகவில்லை.

அந்தக் கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வாசித்த மாலையிலும் செப நேரம் என்பதால் செட் அணைந்துதான் இருந்தது. செபம் முடிந்த கையோடு, அடுத்த தெருவில் கேட்டவர்கள் ஓடிவந்து சொல்வதற்குள், அக்கா கணவரின் வள்ளம் கடலுக்குப் போய்விட்டது. திரும்பி வரவில்லை.

துக்கம் விசாரிக்கப் போனேன். அக்கா அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செட்டுக்கு ஒரு கொறையும் இல்ல தம்பி. புதுசு மாதிரியே இருக்கு. அன்னைக்கு அவுகளும் எங்க கூட முழங்கால்ல நின்னுதான் செபம் சொன்னாக."

அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். குற்றம் என்னுடையது. செட்டுக்கு நல்ல இடம் பார்த்தேன், கேட்கிறவர்களுக்குப் பார்க்கவில்லை.

அதன்பின் ரேடியோவோ, டி.வி.யோ, கம்ப்யூட்டரோ, யார் வீட்டுக்குப் போனாலும் டெஸ்டரை எடுக்குமுன் ஒன்று கேட்பேன்: "ஏழு மணிக்கு இந்த ரூம்ல என்ன நடக்கும்?"

அவர்கள் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறப்பதில்லை.