ஒரு குதிரைக்கான மருந்து

ஊசி குத்துவதற்கு முன் குதிரையின் காதருகே குனிந்து ஏதோ சொல்லுவார் அந்த மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர். ஒடிசலான ஆள், காக்கிச் சட்டையில் எப்போதும் மருந்து நெடி. அவரைப் பிடித்திருந்தது எனக்கு, அந்தக் கோடை வரைக்கும்.

ஏர்வாடி தர்காவுக்கு ஆள் ஏற்றிப்போன எங்கள் வண்டிக்குதிரைக்கு சர்ரா கண்டிருந்தது. ஈ கடித்து இரத்தத்தில் கிருமி ஏறும் காய்ச்சல் அது. விட்டு விட்டு வந்து உடம்பை உருக்கிவிடும். இன்னொரு வண்டிக்காரரான பாயின் குதிரைக்கும் அதேதான். சுதந்திரம் வந்து ஏழு வருஷம் ஆகியும் எங்கள் சீமைக்கு வந்தது ஒரே ஒரு குதிரைக்கான மருந்து. கம்பவுண்டர் அதைப் பாதி பாதியாக இரண்டுக்கும் போட்டார். காய்ச்சல் தணிந்து, திரும்பி வந்தது. இரண்டு குதிரையும் செத்தன.

"பாதி மருந்துக்கு அது அடங்காதுன்னு உமக்குத் தெரியுமா, தெரியாதா?" என்று ஆஸ்பத்திரி வாசலில் கத்தினேன்.

"தெரியும்."

"தெரிஞ்சேவா போட்டீரு?"

"ரெண்டு பேரும் கயித்தப் பிடிச்சுக்கிட்டு என் மூஞ்சியவே பாத்து நின்னீக. யாரப் போகச் சொல்ல?"

"எங்க குதிரைக்கு முழுசாப் போட்டிருக்கணும்!"

பக்கத்தில் நின்ற பாய் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, அவரிடம் மெதுவாகச் சொன்னார்: "சீட்டுக் குலுக்கிப் போட்டிருக்கலாம்ல கம்பவுண்டரே. ஒண்ணாவது நின்னிருக்கும்."

கம்பவுண்டர் உள்ளே போய்விட்டார். பாயின் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

ஒரே ஒரு குப்பியை அனுப்பிவைத்தவன் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த முகம் கம்பவுண்டருடையது. நியாயமில்லைதான், ஆனாலும் அந்த முகத்தின் மேல்தான் எனக்கு இன்னும் கோபம்.