திருச்செந்தூரானில் முதல் படம்

ஆவுடையப்பன் அண்ணாச்சி இறந்த செய்தி வந்தபோது அவருடைய கேமரா என் மேஜையில் பிரித்துக் கிடந்தது. பாளையங்கோட்டையில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன் நான். லென்ஸில் பிடித்திருந்த பூசணத்தைத் துடைத்துத் தரச் சொல்லி முந்தின நாள்தான் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அவர் மனைவி, நான் மதினி என்று கூப்பிடுகிறவர், போனில் ஒரே வரியில் சொன்னார். காலையில் காபி குடித்தவர் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டாராம். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நம் புகைப்படக் கூட்டத்தில் இதைப் படிக்கும் உங்களில் பெரும்பாலோர் அவரோடு ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது ஆற்றங்கரையில் நின்றவர்கள் என்பதால் என் கோபம் உங்களுக்குப் புரியும்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் இன்சூரன்ஸ் சர்வேயர். விபத்தில் சிக்கிய வண்டியைச் சுற்றி வந்து எங்கே நசுங்கியிருக்கிறது, எங்கே முன்பே நசுங்கியிருந்தது என்று பிரித்துச் சொல்வது வேலை. ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கண்ணைக் கேமராக்களின் பக்கம் திருப்பினார். பழைய ஜப்பான் கேமராக்கள், சட்டைப் பைக்குள் பாதி நுழையக்கூடியவை. கண் வைக்கும் துவாரத்தில் பார்த்தால் நடுவில் ஒரு மஞ்சள் கட்டம் இருக்கும். அதற்குள் எதிரே நிற்பவன் இரண்டு ஆளாகத் தெரிவான். வளையத்தைத் திருப்பி இரண்டு ஆளையும் ஒருவனாக்கிவிட்டு அமுக்கினால் படம் கத்தி மாதிரி கூர்மையாக வரும். இந்த வகையில் ஒன்றே ஒன்றை, ஆயுசுக்கும் போதுமான ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்தார். நானும் நம்பினேன்.

கேமராக்களுக்கு அவர் கம்பெனிப் பெயரைச் சொல்லமாட்டார், கிடைத்த ஊரின் பெயரை வைத்துவிடுவார். சாத்தான்குளத்தானின் லென்ஸ் அருமையானது. ஆனால் அதற்கான பாட்டரியை எந்த நாட்டிலும் இப்போது செய்வதில்லை. புதுப் பாட்டரியைச் செருகினால் வெளிச்சத்தை அளக்கும் ஒளிமானி முள் பொய் சொல்லும். ராதாபுரத்தானுக்குப் பாட்டரியே வேண்டாம், வெளிச்சம் பட்டால் முள் தானே ஆடும். ஆனால் மஞ்சள் கட்டம் மங்கிப்போய், மர நிழலில் நிற்பவன் ஒருவனா இருவரா என்றே தெரியாது. குவைத்தான் என் மச்சான் கொண்டுவந்தது. மூன்றிலும் சிறியது, சத்தமும் குறைவு. தானாக வெளிச்சம் அளந்துகொள்ளும் வரை தங்கம், நாமாக வேகத்தை வைத்தால் முள் படுத்துவிடும். ஒவ்வொன்றின் நல்லதையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "ஆனா" என்று இழுத்துக் கெட்டதைச் சொல்ல அரை மணி நேரம் எடுத்துக்கொள்வார். கடைசியில், "இன்னொண்ணையும் பாத்துருவோம்வே" என்பார். அந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சல் மூளும்.

ஒப்பிடுவதென்றால் எல்லாம் ஒன்றாக இருக்கவேண்டும் என்பது அவர் சட்டம். அதே குறுக்குத்துறைப் படித்துறை, அதே வெயில், அதே ஆள். அந்த ஆள் நான். கையில் செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும், எழுத்துகள் தெளிவாக விழுகின்றனவா என்று பிறகு பார்ப்பதற்கு. ஒரு கேமராவை இறக்கி அடுத்ததை எடுப்பார், முள்ளைத் தட்டுவார், எதையோ முணுமுணுப்பார். தலையில் ஈரத்துண்டோடு கரையேறுகிறவர்கள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போவார்கள். கொஞ்சம் நகர்ந்தால் போதும், "பாய், நில்லும்வே. நீர் அசைஞ்சா நான் லென்ஸை குத்தம் சொல்லுவேன், பாவம் அது" என்பார். லென்ஸுக்கு இரங்கிய மனுஷன் எனக்கு இரங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதினியும் வந்திருந்தார். கேமரா முடிவானதும் அதில் முதல் படம் தங்கள் இருவரையும்தான், எடுக்கவேண்டியது நான்தான் என்று அண்ணாச்சி வாக்குக் கொடுத்திருந்தார். அன்று ராதாபுரத்தானைக் கிட்டத்தட்ட முடிவு செய்துவிட்டதாகச் சொன்னதை நம்பி, மதினி அரக்குப் பட்டுச் சேலை கட்டி, தூக்குச்சட்டியில் இட்லியோடு வந்திருந்தார். இருவரையும் படித்துறை மண்டபத்துப் படியில் உட்காரவைத்தேன். அண்ணாச்சி எழுந்து வந்து கேமராவை வாங்கி ஒருமுறை கண்ணில் வைத்துப் பார்த்தார். "கட்டம் தெரியல. இன்னைக்கு வேண்டாம்." எனக்குப் பொறுக்கவில்லை. தெரிந்த மட்டில் எடுக்கிறேன், உட்காருங்கள் என்று சத்தம் போட்டேன்.

"குறை தெரிஞ்ச பொறவு எடுக்கது மோசடிவே" என்றார்.

மதினி தூக்குச்சட்டியைத் திறந்தார். எங்களுக்கு இட்லியை எடுத்துவைத்துவிட்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்விட்டார். அந்தச் சேலை பிறகு எத்தனையோ கல்யாணங்களுக்குப் போய்வந்தது, படித்துறைக்கு மட்டும் வரவில்லை.

செல்போனில் எடுக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். போனைத் தூக்கினாலே உள்ளங்கையை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். "அது படம் இல்ல பாய், தகவல்" என்பார். கல்யாண வீட்டுப் படங்களிலும் பாருங்கள், எல்லாரும் கேமராவைப் பார்க்க இவர் மட்டும் போட்டோகிராஃபரின் பையை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். அதனால்தான் தெருமுனையில் வைத்த கண்ணீர் அஞ்சலி பேனருக்கு அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கவேண்டி வந்தது. போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி இருந்தார். அதன் கீழே நம் கூட்டத்தின் பெயர், அதுவும் புகைப்பட நண்பர்கள் என்று. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

மதினி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பதினாறாம் நாளுக்குள் ஹாலில் மாட்ட அவருடைய நல்ல படம் ஒன்று வேண்டும். "வாரந்தவறாம ரெண்டு பேரும் கேமராவத் தூக்கிட்டுப் போனீயளே, ஒண்ணு கூடவா இருக்காது?" என்றார். இருக்கும் என்று சொல்லிவிட்டேன். உங்கள் எல்லாரிடமும் கேட்டேன். நீங்களும் தேடினீர்கள். முதுகு கிடைத்தது, தொப்பி கிடைத்தது, விரித்த உள்ளங்கை நிறையக் கிடைத்தது. முகம் கிடைக்கவில்லை.

கடைசியாக அவர் அலமாரியில் இருந்த படக்கவர்களை எல்லாம் மதினியும் நானும் தரையில் கொட்டினோம். எல்லாவற்றிலும் நான். சாத்தான்குளத்தானில் நான், குவைத்தானில் நான், முடி கறுத்த நான், நரைத்த நான். எல்லாவற்றிலும் ஒரே படித்துறை, கையில் செய்தித்தாள். என் பேனருக்குப் படப் பஞ்சமே வராது. அந்த மனுஷன் தன்னை மட்டும் எங்கும் விட்டுவைக்கவில்லை. அவர் வீட்டில் உட்கார்ந்துகொண்டே அவரை வாய்விட்டு ஏசினேன்.

மதினி ஒரு படத்தைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் செய்தித்தாள் பாதி சரிந்திருக்கிறது, நெற்றி சுருங்கி, வாய் திறந்து, எதிரே நிற்பவரிடம் எதையோ கத்திக்கொண்டிருக்கிறேன்.

"இதுல யாரை ஏசுதீய?"

"வேற யாரை? அண்ணாச்சியத்தான்."

"அப்ப இதையே மாட்டிருவோம். நீங்க பாக்குத எடத்துலதான அவுக நிக்காவ."

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

அந்தப் படம்தான் இப்போது அவர்கள் வீட்டு ஹாலில் இருக்கிறது. அடையாள அட்டைப் படத்துக்கு மாலை போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் மாலை இல்லாமல், சத்தம் போட்டபடி நான். துஷ்டி கேட்டு ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் இந்தப் பாய் யார் என்று கேட்கிறார்கள். மதினி பொறுமையாக விளக்குகிறார்.

பிரித்துக் கிடந்த கேமராவை நான் துடைத்துத் திரும்பப் பூட்டி முடித்தேன். திருச்செந்தூரில் மூடிவிட்ட ஒரு ஸ்டுடியோவிலிருந்து கிடைத்ததால் அது திருச்செந்தூரான். கடல் காற்றில் லென்ஸில் பூசணம் பூத்திருந்தது, மற்றபடி பாட்டரி கிடைக்கும், கட்டம் பளிச்சென்று இருக்கும், முள்ளும் பொய் சொல்லாது. கொடுத்துவிட்டுப் போன அன்று, "பாய், இதான்வே" என்றார். இன்னொன்றைப் பார்ப்போம் என்று அன்று ஒருநாள்தான் அவர் சொல்லவில்லை.

அதில் ஃபிலிம் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். சோதனை எதுவும் செய்யவில்லை. மதினியை ஹாலில் அவர் சாய்ந்த நாற்காலிக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். முதலில் மாட்டேன் என்றார், பிறகு உள்ளே போய் அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார். கட்டத்துக்குள் இரண்டு மதினி தெரிந்தார்கள். என் கண் கலங்கியிருந்ததில் இருவரையும் ஒருவராக்க முடியவில்லை. வளையத்தை முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டே இருந்தேன். மதினிக்குப் பொறுமை போய்விட்டது. நெற்றியைச் சுருக்கி, என்னைப் பார்த்து, "நீங்களும் ஆரம்பிச்சிட்டீயளா?" என்றார். அமுக்கிவிட்டேன்.

கழுவி வந்த படம் கொஞ்சம் கலங்கல். மதினி முறைத்துக்கொண்டிருக்கிறார். பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறது. இந்தப் படம் கடையில் என் மேஜைக்கு எதிரே இருக்கிறது, அண்ணாச்சியின் ஞாபகமாக நான் வைத்துக்கொண்டது இதுதான். குறை தெரிந்தேதான் வைத்திருக்கிறேன். இன்னொன்று எடுக்கமாட்டேன்.