குடியிருக்கும் வேலை

என் அக்காவுக்குக் குடியிருப்பதுதான் வேலை. கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், அந்த வேலைக்கும் ஆள் தேவைப்படுகிறது.

வழக்கில் தோற்றவர்களை வெளியேற்றிய வீட்டைச் சும்மா பூட்டிப்போட்டால் அவர்கள் திரும்ப உள்ளே புகுந்துவிடுவார்கள். அப்புறம் வீடு யார் சுவாதீனத்தில் இருக்கிறது என்று மறுபடி கோர்ட்டு, மறுபடி வக்கீல். அதனால் ஜெயித்தவர்களுக்காக ஒரு புரோக்கர் அன்றைக்கே அக்காவைக் கொண்டுபோய் வைப்பான். அவள் அடுப்பு மூட்ட வேண்டும், கொடியில் துணி காயப்போட வேண்டும், வாசலில் யார் கூப்பிட்டாலும் வீட்டுக்காரி மாதிரி குரல் கொடுக்க வேண்டும். பழைய ஆட்களை மட்டும் உள்ளே விடக் கூடாது. வீடு கைமாறியதும் அடுத்த வீடு. அத்தான் செத்த பிறகு அவள் தலைக்கு மேல் கூரை இப்படித்தான் நிலைத்தது. என்னோடு வந்து இரு என்றால், "உன் மாமியார் மூஞ்சில தினமும் யாரு முழிக்கிறது?" என்பாள். அதில் தப்புச் சொல்ல முடியாது.

அந்த வீடுகளுக்கு நான் அவ்வப்போது போய்ப் பார்த்துவிட்டு வருவேன். கடைசி வீட்டில் நல்ல அறையை விட்டுவிட்டு நடையில் பாய் விரித்திருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு அறைச் சுவரில் இருந்த எண்ணெய்க் கறையைக் காட்டினாள். யாரோ பல வருஷம் தலை சாய்த்துச் சாய்த்துப் படிந்த கறை.

"அவங்க படுத்த இடம்டி."

"பேய் பிடிச்சிடுமோ?"

"செத்தவங்க போயிடுறாங்க. உயிரோட இருக்கிறவங்கதான் வீட்டை விட்டுப் போக மாட்டேங்குறாங்க."

அது அச்சகத்தில் வேலை பார்த்த ஒரு பெரியவர் இருந்த வீடு. பத்திரம் அண்ணன் பெயரில். அண்ணன் போனதும் அண்ணன் பிள்ளைகள் வழக்குப் போட்டு ஜெயித்தார்கள். பெரியவர் மகளோடு பக்கத்துத் தெருவில் ஒற்றை அறைக்குப் போனார். மனைவி இறந்துபோனது அவருக்கு மறந்துவிட்டது, வீடு கைவிட்டுப் போனதுகூட மறந்துவிட்டது. தினமும் சாயங்காலம், வேலை முடிந்து வருகிறவர் மாதிரி வந்து வாசலில் நிற்பார். மகள் தேடி வந்து அழைத்துப் போவாள். அதுவரை அக்கா உள்ளே மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருப்பாள்.

"கதவைத் தட்டினாக்கூடப் பரவாயில்ல. பேசாம காத்துக்கிட்டு நிக்கிறாருடி. அதான் பயமா இருக்கு."

ஒருநாள் நான் போயிருந்தபோது அக்கா அடுப்படியில் ஏதோ நினைப்பில் இருந்தாள். வாசலில் குரல் கேட்டது.

"என்னம்மா, கதவைத் திற."

"இதோ வர்றேங்க," என்று அக்கா சொல்லிவிட்டாள். தொழில் பழக்கம். சொன்ன பிறகுதான் அது பெரியவர் குரல் என்று இருவருக்கும் உறைத்தது. வெளியே அவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

"திறக்காதே. இருக்கிற இடமும் போயிடும்," என்றேன்.

"பதில் சொல்லிட்டேனேடி," என்று தாழ்ப்பாளை விலக்கினாள்.

அவர் எங்களைப் பார்க்கவே இல்லை. நேரே அறைக்குப் போய்ப் படுத்தார். தலை அந்தக் கறையில் அச்சாகப் பொருந்தியது.

தெருவில் எவனோ போன் பண்ணியிருக்கிறான். புரோக்கர், அக்காவுக்குப் பதிலாகக் குடியிருக்கப் புதிதாக ஒருத்தியையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்து நின்றான். பின்னாலேயே மகளும் ஓடிவந்தாள்.

"கேஸையே கெடுத்திருப்பியே. கட்டு மூட்டையை," என்றான் அக்காவிடம்.

சத்தத்தில் பெரியவர் எழுந்துகொண்டார். "இவளை எங்க போகச் சொல்றீங்க? இது இவ வீடு," என்றார். "கல்யாணமாகி வந்ததுலேர்ந்து இங்கதானே இருக்கா."

அக்கா பாயைச் சுருட்டுவதை நிறுத்தினாள். எத்தனையோ வீடுகளில் இருந்தவளைப் பார்த்து இப்படி ஒருத்தரும் சொன்னதில்லை. முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கும் தாங்கவில்லை.

புரோக்கர் எல்லோரையும் தெருவில் விட்டான். மகள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் அவர் நின்று திரும்பிப் பார்த்தார்.

"அவ வரலையா?"

"வருவாங்கப்பா. நீங்க நடங்க."

மூட்டையைத் தூக்கிக்கொண்டு அக்கா அவர் பின்னால் நடக்கத் தொடங்கினாள். நான்தான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.