இரண்டாவது கசட்

சீனச் சண்டைப் படங்களுக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இருந்த மவுசைச் சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

உக்குவளை டவுனில் ஒரு முஸ்லிம் நானாவின் வீடியோக் கடையில் அப்போது வேலை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் டீவி, டெக், சின்ன ஜெனரேட்டர் எல்லாவற்றையும் வேனில் ஏற்றி, எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் படம் போடுவேன். மற்ற நாட்களில் கொழுந்துக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகிற இடம் அது. நாட்டில் கலவரம்; இருட்டிய பிறகு நாலு பேர் சேர்ந்து நிற்கவே பயந்த காலம். அதனால் பகல் சோறு தின்றதும் தொடங்கி, வெளிச்சத்திலேயே முடித்துவிடுவோம்.

எல்லோரும் கேட்பது சீனப் படம்தான். சண்டை, பேய், காதல், கோமாளித்தனம், மந்திரம் எல்லாம் ஒரே படத்தில் வரும். அழுதுகொண்டிருப்பவன் திடீரென்று மரத்துக்கு மேலே பறப்பான். பிணத்தைத் தூக்கிப் போகையில் பிணமே எழுந்து தும்மும். விடிந்ததும் வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் யாரை எந்த மலைக்கு அனுப்புவார்கள் என்று எங்களுக்கு முதல் நாளே தெரியும். இந்தப் படங்களில் அடுத்த நிமிடம் என்ன நடக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. அதுதான் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

பாஷை யாருக்கும் புரியாது. டீவி பக்கத்தில் நின்று கதை சொன்னவன் என் மச்சான், மாமா மகன். கடையில் மூன்று தடவை பார்த்துவிட்டு வருகிறவன் நான். முதல் தடவையாகப் பார்த்துக்கொண்டே கதை கட்டுகிறவன் அவன். காம்பராவைத் திறந்துவிட வருகிற ஆயாப் பெண் அவன் வாய் திறக்கும் முன்பே சிரிக்கத் தயாராகிவிடுவாள். நான் அவளுக்குப் பின்னால், வயர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஒரு தடவையாவது அவள் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதே என் ஆசை. இரண்டு வருடத்தில் நான் அவளிடம் பேசியது, "வயர இங்க குத்தவா?" என்பது மட்டும்தான்.

அவன் ஒருநாளாவது திணற வேண்டும் என்று நினைத்தேன். படங்கள் இரண்டு கசட்டில் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் கசட்டோடு வேறொரு படத்தின் இரண்டாவது கசட்டை எடுத்துப் போனேன்.

முதல் பாதியில் ஒரு சலவைக்காரன், துணி பிழிகிற மாதிரியே எதிரிகளை முறுக்கி எறிந்தான். கசட்டை மாற்றினேன். வெள்ளி உடுப்புப் போட்ட பெண்கள் வாளோடு வானத்திலிருந்து இறங்கினார்கள். மச்சான் வாயைத் திறந்தபடி நின்றான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"என்னடா, நம்ம சலவைக்காரன் எங்க?" என்றாள் முன்னால் இருந்த ஒரு மாமி.

"அவரு செத்துட்டாரு மாமி."

"எப்பிடிடா? இப்பத்தானே சோறு தின்னுக்கிட்டு இருந்தாரு?"

"அந்தச் சோத்துலதான் வெஷம். இவங்க எல்லாம் அவரு வெளுத்துக் குடுத்த துணியக் கட்டுனவங்க. பழிவாங்க எறங்குறாங்க. உடுப்பப் பாருங்க, எப்பிடி மினுங்குது! யாரு வெளுத்தது?"

காம்பரா அதிர்ந்தது. ஆயாப் பெண் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

டீவியை வேனில் ஏற்றும்போது மச்சான் காதருகில் வந்தான். "ரெண்டாவது கசட் வேற படந்தானே? ஒன் மொதலாளி மாத்திப் போட்டுட்டாரு போல. பரவால்ல, நல்லாத்தான் இருந்திச்சு."

நான் செய்திருப்பேன் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அதுவும் எரிந்தது.

அந்த வாரம் அவள் கடைக்கு வந்தாள். தனியாக.

"அண்ணே, போன கெழம போட்ட படம் இருக்கா? பக்கத்து டிவிசன்லயிருந்தும் ஆளுக வர்றாங்களாம். அதே படம் வேணும்."

அப்படி ஒரு படம் உலகத்திலேயே இல்லை, அதை உண்டாக்கியவன் நான்தான் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அவள் என்னைப் பார்ப்பாள். ஏன் மாற்றினேன் என்றும் கேட்பாள்.

"இருக்கு" என்றேன்.

"அவரையும் கட்டாயம் வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

இரண்டு கசட்டையும் சேர்த்து ரப்பர் பட்டி போட்டு எடுத்து வைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காம்பராவில் நிற்க இடமில்லை. அடுத்த வருடம் அவளுக்கும் மச்சானுக்கும் கல்யாணம் நடந்தது.

அந்தப் பட்டியை நான் பிறகு கழற்றவே இல்லை. இரண்டில் எந்தப் படத்தை யார் முழுதாகக் கேட்டு வந்தாலும், நாடா அறுந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினேன்.