சுவரில் மோதித் திரும்பிய எலக்ட்ரான்

அணுவின் மேல் கடும் லேசர் ஒளியை அடித்தால் என்ன ஆகும் என்று கணினியில் கணக்குப் போட்டுப் பார்ப்பது என் பிழைப்பு. செய்கிற வேலையைச் சொந்த வீட்டுக்கே விளக்க முடியாமல் விழிக்கும் சக பாவிகளே, இது உங்களுக்காக.

முனைவர் பட்டம் முடியப்போகிற நேரத்தில் வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்று மூன்று வருஷ வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது. அங்கே நிஜமான லேசரே இருக்கிறது. அம்மா போன பிறகு வேங்கிக்கால் வீட்டில் நானும் அப்பாவும்தான். விஷயத்தை அப்பாவிடம் சொன்னேன். மறுநாள், மாடியில் எனக்கு ஓர் அறை கட்டப்போகிறேன் என்று வாசலில் செங்கல் இறக்கிவிட்டார்.

மரு எடுக்க வந்த அக்கா

எதிர்வீட்டு சரோஜா அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை கழுத்தைக் காட்டிக்கொண்டு வந்தார். "லேசர்ல மரு எடுத்துடலாமாமே, நீ அந்தப் படிப்புதானே?" என்றார். என்னிடம் லேசர் கிடையாது, அணுவும் கணினிக்குள் எண்களாகத்தான் இருக்கிறது, ராப்பகலாக அது கணக்குப் போடுகிறது, அவ்வளவுதான் என்று பொறுமையாகச் சொன்னேன். அக்கா அறையை ஒருமுறை நோட்டம் விட்டார்.

"லேசரும் இல்ல, அணுவும் இல்ல. அப்புறம் கரண்டு பில்லு மட்டும் எப்படிம்மா உங்க வீட்ல ஜாஸ்தியா வருது?"

சுற்றினால் வராது

கல்லூரி ஒன்றில் பாடமும் எடுக்கிறேன். ஒருநாள் பாடத்தை ஓரம் கட்டிவிட்டு என் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசினேன். லேசரின் மின்புலம் எலக்ட்ரானை அணுவிலிருந்து பிடுங்கி வெளியே இழுக்கிறது. ஒளி அலைதானே, உடனே புலம் திசை மாறுகிறது. எலக்ட்ரான் திரும்பி ஓடிவந்து தன் அணுவிலேயே சேர்கிறது. ஓட்டத்தில் சேர்த்த சக்தியையெல்லாம் ஒளியாகக் கொட்டிவிடுகிறது. உள்ளே விட்ட ஒளியைப் போலப் பல மடங்கு அதிர்வெண் கொண்ட ஒளி அது. அதைத்தான் உயர் ஹார்மானிக்ஸ் என்கிறோம்.

புலம் ஒரே கோட்டில் முன்னும் பின்னும் ஆடினால்தான் இது நடக்கும். வட்டமாகச் சுழன்றால் எலக்ட்ரான் வளைந்துபோய் அணுவைத் தவறவிட்டுவிடும், ஒளி வராது என்றேன். கிரிவலப் பாதையில் இளநீர்க் கடை வைத்திருப்பவரின் மகள் திவ்யா எழுந்தாள்.

"மேடம், நம்ம ஊர்ல சுத்துறவங்கதானே கரெக்டா கெளம்புன எடத்துக்கே வந்து சேர்றாங்க?"

புது வெளிச்சம்

ஹார்மானிக்ஸ் ஓர் எல்லை வரைதான் வரும்; அதைத் தாண்டினால் சட்டென்று சரிந்துவிடும். போன மாதம் என் வரைபடத்தில் அந்த எல்லைக்கு அப்பாலும் ஒரு மேடு தெரிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாவுக்கு என்னைவிடச் சந்தோஷம். "இங்க குந்திக்கினே புது வெளிச்சம் கண்டுபுடிச்சிட்டா, இனி எதுக்கு வெளிநாடு?" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு, மேஸ்திரிக்கும் நாள் குறித்துவிட்டார்.

வரைபடத்தைச் சென்னையில் இருக்கும் என் வழிகாட்டிப் பேராசிரியருக்கு அனுப்பினேன். கணினிக்குள் முடிவில்லாத வெளியை வைக்க முடியாது. அணுவைச் சுற்றி ஒரு பெட்டிதான் கட்டுவோம். விளிம்பைத் தொடும் எலக்ட்ரானை அங்கேயே கரைந்துபோக விடவேண்டும். அந்த ஏற்பாட்டை நான் போடவே இல்லை என்று அவர் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார். ஒரேயடியாகப் போயிருக்க வேண்டிய எலக்ட்ரான்கள் பெட்டியின் சுவரில் முட்டித் திரும்பி வந்து அந்த மேட்டை உண்டாக்கியிருக்கின்றன. வழிகாட்டி போனில் சிரிக்கக்கூட இல்லை.

"போறதைப் போக விடும்மா. சுவர் வெச்சுத் திருப்பினா, வர்ற வெளிச்சம் பொய்யாத்தான் இருக்கும்."

ஜன்னல்

அன்று சாயங்காலம் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். புது வெளிச்சம் எதுவும் இல்லை, நான் சுவரை விட்டுவைத்ததால் வந்த வினை என்றேன். அப்பா வாசலில் இருந்த செங்கலையே பார்த்துக்கொண்டிருந்தார். "சுவர் இல்லேன்னா, போனதெல்லாம் திரும்பி வந்துருமா?" என்று கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. "நிறைய வராதுப்பா" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் காலையில் மேஸ்திரி நூல் பிடித்து அளக்க வந்தார். அப்பா படியிலேயே அவரை நிறுத்தினார்.

"இப்ப வேணாம் மேஸ்திரி. ஜன்னல் எந்தப் பக்கம்னு அவ போய்ட்டு வந்து சொல்லட்டும்."

எந்த எலக்ட்ரான் திரும்பி வரும் என்று இத்தனை வருஷம் கணக்குப் போட்ட எனக்கு, வாசலில் கிடக்கும் அந்தச் செங்கலைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருப்பவரின் கணக்கு மட்டும் இன்னும் பிடிபடவில்லை.