ஏரிக்கரைப் பலகையும் என் பிரெஞ்சும்

ஆறேழு வருடங்களுக்கு முன், ஒரு மே மாதத்தில், பிரான்சில் துலூஸ் நகருக்குத் தெற்கே ஓர் ஏரிக்கரையில் நடந்தது இது. வியாழன் விடுமுறையோடு வெள்ளியையும் சேர்த்து லீவு எடுத்துக்கொண்டு, நானும் கணவரும் பாரிசுக்குப் பக்கத்து ஸ்தேனிலிருந்து காரில் போயிருந்தோம். எட்டு மணித்தியால ஓட்டம்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில், ரூ பெர்தொனே தெருவில் ஒரு நகைக்கடையில் வேலை செய்கிறேன். சின்ன வயதிலேயே பாரிசுக்கு வந்து இங்கேயே படித்தவள் என்பதால் பிரெஞ்சு நன்றாக வரும். அதனால் நகை பார்க்க வருகிறவர்களைவிடக் கடிதம் காட்ட வருகிறவர்கள்தான் எனக்கு அதிகம். "அக்கா, இதில என்ன போட்டிருக்கு எண்டு ஒருக்கால் பாருங்கோ" என்று வீட்டு வாடகை, காப்புறுதி, பிள்ளையின் பள்ளிக்கூடம் என எல்லாக் கடிதமும் என் மேசைக்கு வரும். முதலாளி முகத்தைச் சுளிப்பார், பிறகு தன்னுடைய கடிதத்தையும் நீட்டுவார். உள்ளதைச் சொன்னால், எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

கணவர் 2009 கடைசியில் வன்னியிலிருந்து வந்தவர். பிரெஞ்சு உணவகம் ஒன்றில் சமையல் வேலை. சட்டி சூடு, தட்டு ரெடி என்கிற அளவில் மொழி தடையில்லாமல் ஓடும், அதற்கு மேல் திக்கும். மொழிப் பரீட்சையை ஒருவழியாகத் தாண்டி, பிரெஞ்சுக் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். ஜூன் மாதம் பிரெபெக்சூர் என்கிற அரச அலுவலகத்தில் நேர்முகம். உள்ளே அவர் தனியாகத்தான் போக வேண்டும், என்னை விடமாட்டார்கள். அதை நினைத்தே எனக்கு நித்திரை கெட்டது. வேலை முடிந்து வந்ததும் கேள்வி கேட்டுப் பழக்குவேன். அவர் பதிலைத் தொடங்குவார், பொறுமையில்லாமல் நான் முடித்துவைப்பேன்.

அவருடைய ஒரே பொழுதுபோக்கு தூண்டில். கூட வேலை செய்கிற ஒருவர் கால்வாய்க் கரையில் பழக்கிவிட்டது. அதற்கான வருட அட்டையும் ஒழுங்காக எடுத்து வைத்திருந்தார். பிளாக் பாஸ் என்றொரு மீனில் அவருக்குப் பைத்தியம். தெற்கு ஏரிகளில் வசந்தம் முந்தி வரும், இரண்டு மூன்று நாள் வெயில் அடித்துக் காற்றும் அடங்கினால் ஆழத்தில் கிடக்கிற பெரிய மீன்களெல்லாம் சூடேறின கரைத் தண்ணீருக்கு வந்துவிடும் என்று கைபேசியில் பார்த்துப் பார்த்து மனப்பாடம் பண்ணியிருந்தார். இரண்டு கிழமையாக, நேர்முகத்தில் கேட்கிற குடியரசின் கொள்கைகளைவிட அந்த ஊர் வானிலையைத்தான் கூடப் படித்தார். சரி, மனுசன் கொஞ்சம் ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் நானும் கிளம்பினேன்.

இரவிரவாக ஓடி, காலை பத்து மணிபோல ஏரிக்குப் போய்ச் சேர்ந்தோம். காற்றுப் படாத ஒரு சின்ன வளைவு, ஓரமெல்லாம் நாணல், நல்ல வெயில். அவர் கையைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்துத் தலையாட்டினார். கார் நிறுத்தின இடத்தில் பெரிய பலகை ஒன்று இருந்தது.

"இஞ்சாரும், அதில என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

நான் சாப்பாட்டுப் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தேன். திரும்பிக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. "குப்பை போடக் கூடாதாம், வேறென்ன" என்றேன். எல்லாப் பலகையிலும் அதுதானே இருக்கும் என்ற நினைப்பு. ஊரார் கடிதமெல்லாம் எழுத்தெழுத்தாக வாசிக்கிறவள் நான்.

அரை மணித்தியாலத்தில் ஒன்றைப் பிடித்துவிட்டார். பச்சை முதுகு, பெரிய வாய், முழங்கை நீளம். இரவு குழம்பு என்று முடிவாகிவிட்டது. சமைக்கும்வரை உயிரோடு இருக்கட்டும் என்று பாத்திரம் கழுவக் கொண்டுபோன பெரிய வாளியில் தண்ணீர் நிரப்பி, அதில் விட்டு, மேலே துவாயைப் போட்டு மூடினார்.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், சீருடை, முழங்கால்வரை சப்பாத்து. மீன்பிடிக் காவலர். கணவரின் அட்டையை வாங்கிப் பார்த்தார், சரி என்றார். பிறகு, இப்போது பிளாக் பாஸ் முட்டையிடுகிற காலம், ஜூன் முடியும்வரை இந்த ஏரியில் அதைப் பிடிக்கக் கூடாது, பலகையைப் பார்த்திருப்பீர்கள்தானே என்று கேட்டார்.

அபராதம், அறிக்கை, கணவரின் பெயர், பிரெபெக்சூரில் கிடக்கிற அவருடைய குடியுரிமைக் கோப்பு, அந்தத் தொசியே. ஒரு நொடியில் எல்லாம் என் தலைக்குள் ஓடி முடிந்தது. அவர் வாயைத் திறக்க முதல் நான் முந்திக்கொண்டேன். ஒன்றும் பிடிபடவில்லை என்று அழகான பிரெஞ்சில் சொன்னேன். வாளிக்குள் மீன் சளார் என்று அடித்தது.

காவலர் துவாயைத் தூக்கினார். நான் விடவில்லை. இது பாரிசிலிருந்து கொண்டுவந்த மீன், நாங்கள் எங்கே போனாலும் லாச்சப்பலில் வாங்கிக்கொண்டுதான் போவோம் என்றேன். அதில் பாதி உண்மை. ஐஸ் பெட்டிக்குள் அறக்குளா மீன் துண்டுகள் இருந்தன. சாட்சிக்கு அதையும் திறந்து காட்டினேன்.

காவலர் ஐஸில் விறைத்துக் கிடந்த அறக்குளாவைப் பார்த்தார், வாளியில் சுற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். "எட்டு மணித்தியாலப் பயணமா, மாதாம்? நல்ல பலசாலி மீன்" என்றார். சிரிக்கவில்லை. எனக்குக் காது சுட்டது.

அப்போது கணவர் பேசினார். அவருடைய உடைந்த பிரெஞ்சில், ஒவ்வொரு சொல்லாக. "மாதாம், அது பொய். மீன் நான் பிடித்தது. இங்கே, இப்போது. மனைவி இல்லை, நான். என் பிழை. பலகை நான் வாசிக்கவில்லை."

நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். "வாயை வச்சுக்கொண்டு சும்மா இருங்கோ, தொசியே போயிடும்" என்று தமிழில் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை.

எந்த இடம் என்று காவலர் கேட்டார். கணவர் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். முழங்கால் ஆழத் தண்ணீரின் அடியில், தட்டு அளவில் வெளிறின ஒரு வட்டம். அதுதான் கூடு என்றார் காவலர். தாய் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும், காவல் இருக்கிறது தகப்பன்தான். அது இல்லையென்றால் சின்ன மீன்கள் வந்து முட்டைகளைத் தின்றுவிடும். அவர் சொல்லும்போதே இரண்டு மூன்று வந்து கொத்திக்கொண்டிருந்தன.

முதலில் மீனை விடுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம் என்றார். கணவர் சப்பாத்தோடு இறங்கி, மீனைத் தண்ணீருக்குள் இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்து, அது துடித்ததும் விட்டார். அது நேரே ஆழத்துக்குப் போய் மறைந்துவிட்டது. அவர்கள் இரண்டு பேரும் கூட்டையே பார்த்தார்கள். நான் காவலரின் கையில் இருந்த குறிப்புப் புத்தகத்தைப் பார்த்தேன்.

பத்து நிமிடமாவது போயிருக்கும். நாணலுக்குப் பக்கத்தில் பச்சை முதுகு தெரிந்தது. கூட்டுக்கு வந்து ஒரு சுற்றுச் சுற்றிச் சின்னதுகளைக் கலைத்தது.

"வந்திட்டார்" என்றார் கணவர், தமிழில். காவலர் அதற்குத் தலையாட்டினார்.

பிறகு கணவரிடம் சொன்னார்: மீன் திரும்பிவிட்டது, நீங்களும் மறைக்கவில்லை, இந்த முறை எச்சரிக்கையோடு விடுகிறேன். புத்தகத்தில் எதுவும் எழுதவில்லை. என் பக்கம் திரும்பி, பலகை பெரிய எழுத்தில்தான் இருக்கிறது, மாதாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பி வரும்போது நான்தான் முதலில் வாய் திறந்தேன். "பலகையில குப்பை எண்டு சொன்னது நான். ஏன் அதை அவவிட்டைச் சொல்லேல்லை?"

"சொல்லி? ரெண்டு பேரும் மாட்டுப்படவோ?" என்றார். கொஞ்ச தூரம் போனபிறகு, "ஒண்டு சொல்லட்டே? நான் ஒரு பதிலைத் தொடங்கினால் நீர் முடிக்கிறீர். அங்கை உள்ளுக்கை போனால் ஆர் முடிக்கிறது?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கப் பழகினேன். எவ்வளவு கஷ்டமென்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஜூனில் அவர் உள்ளே போனார், கதவு மூடியது. நான் வெளியே நாற்காலியில் இருந்தேன். பயந்து சாகப்போகிறேன் என்று நினைத்திருந்தேன், அப்படி ஒன்றும் வரவில்லை. நான் பக்கத்தில் இல்லாததே நல்லது என்று தோன்றியது. சில மாதங்களில் சம்மதக் கடிதம் வந்தது. அதை அவரே வாசித்தார்.

இன்றைக்கும் கடைக்கு வந்து, "அக்கா, நீங்களே பார்த்து ஏதாவது சொல்லிவிடுங்கோ" என்று, பிரெஞ்சில் பேசச் சொல்லித் தொலைபேசியை நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதை வாங்க முதல், நீங்கள் என்ன சொல்ல விரும்புகிறீர்கள் என்று கேட்க இப்போது எனக்கு வருகிறது.