கிருத்திகைக்கு மறுநாள் எடுத்த ரத்தம்

ஸ்பிரிட் தொட்ட பஞ்சின் வாசனையும், ஒரு நாள் முழுக்கச் சோறு காணாத வயிற்றிலிருந்து வரும் புளித்த மூச்சும் என் நினைவில் ஒன்றாகவே இருக்கின்றன. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் பெஞ்சில், ஏழாம் வகுப்புப் படித்த நான் அம்மாவின் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்த காலைகள் அவை.

அம்மா கரும்புக் கொல்லையில் "சோகை" என்னும் காய்ந்த தோகையை உரிக்கப் போனவள். சர்க்கரை நோய் என்று தெரிந்ததும், மாதம் ஒருமுறை ரத்தம் பார்த்து வரச் சொன்னார் டாக்டர். என்றைக்கு என்பதை அம்மாவே முடிவு செய்தாள்: ஒவ்வொரு மாதமும் கிருத்திகைக்கு மறுநாள். மற்றவர்கள் ஒருவேளையாவது சாப்பிடும் அந்த விரதத்தில் அவள் தண்ணீர் மட்டும் குடிப்பாள். மறுநாள் எடுக்கும் ரத்தத்தில் சர்க்கரை குறைந்திருக்கும். சீட்டில் மையால் எழுதிய எண்ணை நான்தான் படித்துச் சொல்ல வேண்டும்.

"இன்னாடி போட்டுக்கீது?"

"நூத்திப் பத்து."

"பாஸு. கம்மியா வாங்கினா பாஸு ஆவுற பரீட்சை இது ஒண்ணுதான். உனுக்குத் தோதானது."

என் கணக்கு மதிப்பெண்ணை அப்படித்தான் குத்திக் காட்டுவாள். பிறகு எதிர்க் கடையில் இருவரும் பூரி சாப்பிடுவோம். வீட்டில் மாத்திரை அட்டை பிரிக்கப்படாமல் கிடந்தது. "அம்மா மாத்திரை ஒழுங்கா போடறாங்களா?" என்று டாக்டர் ஒருமுறை என்னைக் கேட்டபோது அவள் விரல் என் முதுகில் அழுந்தியது. போடறாங்க சார் என்றேன்.

நான் ஒன்பதாவது படிக்கையில் கரும்புக் கட்டை அவள் பாதத்தில் குத்தியது. "வலிக்கவே இல்லடி, அதான் வுட்டுட்டேன்" என்றாள். பாதம் கறுத்த பிறகுதான் பாண்டிச்சேரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். மூன்று மாதச் சர்க்கரையைச் சேர்த்துக் காட்டும் சோதனை ஒன்றை அங்கே செய்தார்கள். புதிய தாளையும் எங்கள் பழைய சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார் பெண் டாக்டர்.

"இதெல்லாம் ஒரு காலையில எடுத்த கணக்கும்மா. இது மூணு மாசமா ஒடம்புல ஓடுன ரத்தம்."

"அத்தினி சீட்டுலயும் பாஸுதானுங்களே?" என்றாள் அம்மா.

டாக்டர் அம்மாவின் முழங்காலுக்குக் கீழே பேனாவால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

வீடு திரும்பிய பின் அவள் என்னைத் திட்டுவாள் என்று பல நாள் காத்திருந்தேன். ஒரு மதியம், வெட்டிய காலின் துணியை மாற்றும்போது, "சீட்ட நீ சரியாத்தான்டி படிச்ச" என்று மட்டும் சொன்னாள்.

அந்தக் கூடம் இருந்த இடத்தில் இன்று செல்போன் கடை. மையால் எழுதிய சீட்டுகள் போய்விட்டன. எண்கள் நேராகப் போனுக்கு வருகின்றன. இப்போது சர்க்கரைச் சோதனைக்கு ரத்தம் கொடுப்பவள் நான். போன வாரம் வேறொரு பரிசோதனைக் கூடத்தில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் மெல்லக் கேட்டார்: "நேத்துலருந்து ஒண்ணும் துன்னலக்கா, கம்மியா வரும் இல்ல?"

வரும் என்றேன். மாத்திரையைப் பற்றிக் கேட்க வாயெடுப்பதற்குள் உள்ளேயிருந்து அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். நிம்மதியாகச் சிரித்துவிட்டு எழுந்து போனார்.